சபையில் நற்சான்று: குடவோலை காட்டும் நெறியும் அதன் குறையும்

முன்னுரை

ஓர் அவை கூடிப் பேசித் தீர்மானிக்கும்போது எல்லாருடைய சொல்லும் ஒரே எடையுடன் கேட்கப்படுவதில்லை. சிலர் வாய் திறக்குமுன்னே அவர்கள் சொல்லப்போவது சரியென மற்றவர்கள் எண்ணிவிடுகின்றனர். வேறு சிலர் தக்க ஆதாரத்துடன் பேசினாலும் அவர்கள் பேசியது குறிப்பேட்டில்கூட ஏறுவதில்லை. இவ்வேறுபாட்டை உண்டாக்குவது அவையில் அவரவருக்குள்ள பெயராகும். அப்பெயர் எங்கிருந்து வருகிறது? அதை வழங்குபவர் யார்? எவ்வளவு காலம் அது செல்லும்? கெட்டுப்போனால் மீளும் வழி உண்டா? இக்கேள்விகளைத் திருச்சபை வெளிப்படையாக எழுப்புவது அரிது. நாம் எழுப்பாவிடில் செல்வமும் சாதியும் உத்தியோகமும் அவற்றுக்குத் தாமே விடையளித்துவிடும்.

இதனை உணர்தற்குக் கல்பாக்கமும் அதன் சுற்றுப்புறமும் ஏற்ற இடங்களாகும். அணுமின் நிலையத்தை முன்னிட்டு எழுந்த குடியிருப்பில் பல மாநிலத்தார் வாழ்கின்றனர். அங்கே அண்டை வீட்டாரின் பாட்டனார் பெயர் எவருக்கும் தெரியாது. அண்டை வீட்டார் வகிக்கும் பதவியோ எல்லாருக்கும் தெரியும். அதனையடுத்த கடற்கரைக் குப்பங்களில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஒருவன் பிறக்குமுன்னே அவன் குடும்பத்தின் பெயர் ஊரறிந்ததாய் இருக்கும். இவ்விரு வகையினரும் ஒரே ஆலயத்தில் கூடுவரேல், பதவியால் வந்த பெயரும் குடும்பத்தால் வந்த பெயரும் சபைக் கூட்டத்தில் எதிரெதிரே அமர்கின்றன. சபைக்குச் செய்த ஊழியத்தால் வந்த பெயர் இவ்விரண்டுக்கும் நடுவே இடம் தேடி நிற்கின்றது.

நற்சான்றை நீதியாக வழங்குவதற்கு ஒழுங்கு ஒன்று வகுக்கக்கூடுமா என்பதே இக்கட்டுரையின் பொருள். இதற்கு நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம், செங்கற்பட்டு வழியாக மேற்கு நோக்கிச் சென்றால், ஒரே பகலில் சென்று திரும்பத்தக்க தொலைவில் உத்திரமேரூர் உள்ளது. முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கேள்வியை எதிர்கொண்டு, அதற்குத் தாம் கண்ட விடையை அவ்வூரார் கல்லில் வெட்டி வைத்துள்ளனர்.

1. உத்திரமேரூர்க் கல்வெட்டு

வைகுண்டப் பெருமாள் கோவிற் சுவரிலுள்ள இரு கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. முதலாவது கி.பி. 919ஆம் ஆண்டையும், அதைத் திருத்தி விரித்த இரண்டாவது கி.பி. 921ஆம் ஆண்டையும் சேர்ந்தது. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலில் இவற்றை விரிவாக விளக்கினார். உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார், அரசனின் அதிகாரி உடனிருக்க, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை இவற்றில் வகுத்தனர்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வட்டம் போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்கள் தனித்தனி ஓலையில் எழுதப்பட்டுக் கட்டாகக் கட்டப்பட்டன. சிறியோரும் பெரியோரும் அடங்கிய மகாசபை கூடியபின், ஊரிலிருந்த நம்பிமார் அனைவரும் அவை நடுவே அமர்ந்தனர். அவருள் மூத்தவர் எழுந்து, எல்லாரும் காணும்படி குடத்தை உயர்த்திக் காட்டினார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் அதிலிருந்து ஒரு கட்டை எடுத்தான். அது வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கப்பட்டபின் அச்சிறுவனே ஓர் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசித்தான். பின்னர் நம்பிமார் அனைவரும் அதை வாசித்தனர். விரல்களை விரித்தே வாங்கவேண்டும் என்ற விதி, கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்கலாகாது என்பதற்கே. நல்ல மனிதனையும் சோதனைக்கு உட்படுத்தாதபடி முறையை அமைத்த அறிவு போற்றத்தக்கது.

குடத்தினுள் எவர் பெயர் செல்லலாம் என்பதே நமக்கு முதன்மையான பகுதி. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராய் இருத்தல் வேண்டும். வயது, 919ஆம் ஆண்டு விதியின்படி முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். 921ஆம் ஆண்டு விதியின்படி முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். வேதத்தில் பயிற்சியும், காரியங்களில் தேர்ச்சியும், நேர்வழியில் ஈட்டிய பொருளும், தூய மனமும் வேண்டும். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் எதிலும் இருந்திருத்தல் கூடாது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தினுள் செல்லாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களும் செல்லா. தெரிந்தெடுக்கப்பட்டவர் முந்நூற்று அறுபது நாள் பணியாற்றினார். இடையில் குற்றம் காணப்பட்டால் அப்பொழுதே நீக்கப்பட்டார்.

2. இவ்விதிகளின் உட்பொருள்

இவற்றை வெறும் தேர்தல் விதிகளாக மட்டும் வாசித்தால் இவற்றின் ஆழம் புலப்படாது. மனிதர் ஒருவர்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கையை அளப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் ஏற்பட்ட நெறிகளாகவே நாம் இவற்றைக் கொள்ளலாம். அவற்றுள் நான்கினை எடுத்துக் காட்டுவோம்.

முதலாவது, நற்சான்று கணக்கிலிருந்து பிறக்கின்றது. ஒருவர் எவ்வளவு சிறப்பாகப் பேசினார், எத்தனைபேர் அவரைப் புகழ்ந்தனர் என்று கல்வெட்டு கேட்கவில்லை. கையில் ஒப்புவிக்கப்பட்டதற்குக் கணக்குக் காட்டினாரா என்றே கேட்கின்றது. புகழைக் கூட்டம் சேர்த்து உண்டாக்கலாம். கணக்கை அவ்வாறு உண்டாக்கவியலாது.

இரண்டாவது, நம்பிக்கை படிப்படியாக வளர்கின்றது. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றியவர்களும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களுமே சம்வத்சர வாரியத்திற்கு எடுக்கப்பட்டனர். ஏரியின் மதகைக் காத்தவனிடமே ஊரின் பொதுக் காரியம் ஒப்புவிக்கப்பட்டது. கொஞ்சத்தில் உண்மையுள்ளவனை அநேகத்தின்மேல் வைக்கும் தாலந்து உவமையின் நெறி இங்கு நம் நினைவுக்கு வருகின்றது.

மூன்றாவது, நற்சான்றுக்குக் காலவரையறை உண்டு. நன்றாகப் பணியாற்றியவரும் மூன்றாண்டு ஒதுங்கியிருக்கவேண்டும். இது தண்டனையன்று. நேற்றைய நற்பெயர் இன்றைய அதிகாரமாக இறுகிப்போகாதபடி காக்கும் வேலியாகும். புதியவர் தம் தகுதியைக் காட்டுவதற்கு இடமும் அதனால் உண்டாகின்றது.

நான்காவது, தகுதிக்குப்பின் சீட்டு வருகின்றது. தகுதியுடையோருள் எவர் மேலானவர் என்ற போட்டியைச் சபையார் தவிர்த்தனர். அப்போஸ்தலரும் யூதாஸின் இடத்திற்கு இருவரை நிறுத்தியபோது இவ்வாறே செய்தனர் (அப்போஸ்தலர் 1:21-26). ஆண்டவரோடு தொடக்கமுதல் இருந்தவர் என்ற தகுதி முதலில் ஆராயப்பட்டது; பின்னரே சீட்டுப் போடப்பட்டது. இம்முறையில் தெரிந்தெடுக்கப்பட்டவர் பெருமைகொள்ள இடமில்லை. விடப்பட்டவர் வெட்கமடையவும் இடமில்லை.

3. வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

குடவோலையைப் புகழ்வோர் பலர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். திருச்சபை அவ்வாறு நிறுத்துவதற்கில்லை. இம்முறை குடத்திற்குள் சென்ற பெயர்களிடையே நீதி செய்தது. குடத்திற்குள் செல்லாத பெயர்களைப்பற்றி அதற்குக் கவலையில்லை. பிராமணருக்கு அளிக்கப்பட்ட ஊரில், நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே அவ்வாசல் திறந்திருந்தது. அதே ஊரின் வயலில் உழைத்தவர்கள் நேர்மையில் எவ்வளவு சிறந்திருந்தாலும் அவர்களுடைய பெயர் ஓலையில் ஏறுவதற்கு வழியில்லை.

சொந்த மனையில் வீடு என்னும் நிபந்தனை எளியதாகத் தோன்றலாம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், 1891இல், செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்கீர் பறையர் மக்களின் நிலையைப்பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மனைக்கும் அவர்களுக்கு உரிமையில்லை என்பதை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. அதன் விளைவாகவே 1892இல் பிறந்த அரசாணையின் வழியாகப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. செங்கற்பட்டில் ஊழியஞ்செய்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆதாம் ஆண்ட்ரூ இந்நிலக் கேள்வியில் ஈடுபட்டு உழைத்தவர். சிலரை மனையுடையவராக விடாத சமுதாயம், மனையுடையவரே நம்பத்தக்கவர் என்று விதி செய்யுமானால், அது தான் உண்டாக்கிய குறைவைப் பிறருடைய தகுதியின்மையாகக் காட்டுகின்றது.

நம் காலத்திலும் இதைக் கண்டோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியது. தமிழகக் கடற்கரையில் பல ஊர்களில் நிவாரணப் பட்டியல் ஊர்ப் பஞ்சாயத்தார் வைத்திருந்த வரிப் பட்டியலைத் தழுவி அமைந்தது. ஊர் வரி செலுத்தும் ஆண் குடும்பத்தலைவரே ஊரின் முழு உறுப்பினர் என்பது பழைய வழக்கம். ஆகவே கணவனை இழந்த பெண்களும், மீன்பிடியைச் சார்ந்து கூலிவேலை செய்த தலித் மக்களும் சில இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றனர். ஊர்ப் பஞ்சாயத்தின் ஒழுங்கினால்தான் உதவி விரைவாகவும் சண்டையின்றியும் பலரைச் சென்றடைந்தது என்பதும் உண்மையே. எனினும் ஏட்டில் பெயரில்லாதவர் பசியோடிருந்தபோது, ஏட்டின் ஒழுங்கு அவர்களுக்கு ஆறுதலளிக்கவில்லை.

இரண்டாவது குறை, உறவினரைத் தள்ளிவைத்தல். கணக்குக் காட்டாதவர் தம் மைத்துனரை வாரியத்தில் அமர்த்திக் குற்றத்தை மறைக்கலாம் என்ற அச்சம் நியாயமானது. ஆயினும் குற்றமற்ற மகன் தகப்பனின் பழியைச் சுமப்பதை எசேக்கியேல் தீர்க்கதரிசி மறுக்கிறார் (எசேக்கியேல் 18). தகப்பனின் கணக்கை ஆராயும் குழுவில் மகன் அமரலாகாது. வேறு பணிகளில் அமரலாம். இவ்வாறு வரையறுத்தால் அச்சமும் நீங்கும், நீதியும் நிலைக்கும்.

மூன்றாவது குறை, மீளும் வாசல் இல்லாமை. சில குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்தவரும் வாழ்நாள் முழுவதும் குடத்திற்குப் புறம்பே வைக்கப்பட்டனர். சுவிசேஷத்தை உடைய நாம் இங்கேதான் கல்வெட்டைவிட்டு விலகவேண்டும்.

4. திருமறையின் சாட்சி

பந்தி விசாரணைக்கு எழுவரைத் தெரிந்துகொள்ளச் சொன்னபோது, நற்சாட்சி பெற்றவர்களையே அப்போஸ்தலர் கேட்டனர் (அப்போஸ்தலர் 6:1-6). அங்கு எழுந்த முறையீடு, கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்பட்டதைப் பற்றியது. தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்டவர்களின் பக்கத்திலிருந்தே நம்பத்தக்கவர்களைக் காண ஆதித்திருச்சபையால் இயன்றது. பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் பட்டியலை எழுதுபவர்களாயினர்.

தமஸ்குவிலிருந்து எருசலேமுக்கு வந்த சவுலை எவரும் நம்பவில்லை. அவநம்பிக்கைக்குத் தக்க காரணமும் இருந்தது. பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு, நடந்ததை விவரித்து, தன் நற்பெயரை அவனுக்குப் பிணையாக்கினார் (அப்போஸ்தலர் 9:26-27). நற்பெயர் உடையவர் அதைச் செலவிடத்தக்க சிறந்த வழி இதுவே. மறுதலித்த பேதுருவுக்கும் ஆண்டவர் மந்தையை மீண்டும் ஒப்புவித்தார். மூன்றுமுறை கேட்கப்பட்ட கேள்வி, குற்றத்தை மறைக்காமலே மன்னிப்பை அளித்தது (யோவான் 21:15-17).

கொரிந்து சபைக்குப் பவுல் அளித்த ஒழுங்கு இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. இரண்டு மூன்று பேர் பேசவேண்டும்; மற்றவர்கள் நிதானிக்கவேண்டும்; உட்கார்ந்திருப்பவருக்கு ஏதேனும் வெளிப்பட்டால் பேசிக்கொண்டிருப்பவர் அமைதியடையவேண்டும் (1 கொரிந்தியர் 14:29-31). பேசுபவர் தீர்க்கதரிசியேயாயினும் அவர் சொல் நிதானிக்கப்படுகின்றது. நற்சான்று ஒருவரைப் பேச அழைக்கும். அவர் பேசியதை ஆராயாமல் ஏற்கும் கடமையை அது எவர்மேலும் சுமத்தாது. தருமப்பணத்தை எடுத்துச்சென்றபோது பவுல் தம்மோடு வேறு சகோதரரையும் சேர்த்துக்கொண்டதும் இந்நெறியின்படியே (2 கொரிந்தியர் 8:18-21). அப்போஸ்தலன் என்ற பெயர் கணக்குக்கு மாற்றாகாது என்று அவர் அறிந்திருந்தார்.

5. பெயர் கெடும் வழிகள்

நல்ல விதிகளையும் கெடுக்கும் வழிகள் உள. கிரேக்க நாட்டு ஆதென்ஸ் நகரில், ஓட்டுச் சில்லுகளில் பெயரெழுதி ஒருவரைப் பத்தாண்டு நாடுகடத்தும் வழக்கம் இருந்தது. நீதிமான் எனப் பெயர்பெற்ற அரிஸ்டைடிஸ் கி.மு. 482இல் அவ்வாறு அனுப்பப்பட்டார். அவரை எப்போதும் நீதிமான் என்று பிறர் அழைப்பதைக் கேட்டுச் சலித்துப்போனதாகக் குடிமகன் ஒருவன் காரணம் கூறினான் என்பர் பழைய வரலாற்றாசிரியர். குற்றச்சாட்டே இல்லாமல் வாக்கெண்ணிக்கையால் மட்டும் ஒருவரைத் தாழ்த்தினால், பொறாமையும் நீதியின் ஆடையை அணிந்துகொள்ளும்.

ஸ்காட்லாந்துத் திருச்சபையில் பதினாறாம் நூற்றாண்டு தொடங்கித் திருவிருந்து வில்லை வழங்கும் முறை இருந்தது. மூப்பர்கள் விசுவாசிகளின் அறிவையும் நடத்தையையும் ஆராய்ந்து, தகுதி கண்டவருக்கு ஈயத்தால் வார்த்த சிறு வில்லையைக் கொடுப்பர். ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டவருக்கு அது மறுக்கப்படும். ஒவ்வொரு திருவிருந்துக்கும் அது புதிதாகப் பெறப்படவேண்டியிருந்ததால், ஒருமுறை இழந்தவர் மறுமுறை பெறக்கூடும்; இது அதன் நன்மை. வில்லையைக் கொடுக்கும் கை சிலருடையதாகவே இருந்ததால் அக்கையைச் சோதிப்பவர் யார் என்னும் கேள்வி எழுந்தது. ஆகவே மூப்பர்களும் ஒருவர்பின் ஒருவராக அறைக்கு வெளியே அனுப்பப்பட்டு, மற்ற மூப்பர்களால் ஆராயப்பட்டனர். பிறரை மதிப்பிடுபவர் தாமும் மதிப்பிடப்படாவிடில் அங்கே நீதி நிலைக்காது.

நம் சபைகளில் காணப்படும் கேடு மொட்டைக் கடிதமாகும். கையெழுத்தில்லாத குற்றச்சாட்டு ஒருவருடைய பல ஆண்டு நற்பெயரை ஒரு வாரத்தில் அழிக்கும். இரண்டு மூன்று சாட்சிகளின்றி மூப்பர்மேல் குற்றச்சாட்டை ஏற்கவேண்டாம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டது இதன்பொருட்டே (1 தீமோத்தேயு 5:19). ஆனால் அடுத்த வசனமே, குற்றம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கின்றது. முன்னதைப் பிடித்துக்கொண்டு பின்னதை விட்டுவிடுவோமானால் அவ்விதி பலவானுக்குக் கேடயமாகிவிடும். எளியவர் பெயரெழுத அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. வேலையை இழப்போம், வீட்டை இழப்போம் என்னும் அச்சமே பல கடிதங்களின் கையெழுத்தை அழித்துள்ளது. பெயரைச் சொல்லி முறையிடுபவருக்குப் பாதுகாப்பளித்தால் மொட்டைக் கடிதங்கள் தாமே குறையும்.

6. சபைகளுக்கு ஏற்ற ஒழுங்குகள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, சபைக் கூட்டங்கள் கைக்கொள்ளத்தக்க சில ஒழுங்குகளைத் தொகுத்துக் கூறுவோம்.

அ. நற்சான்று பணியைச் சார்ந்ததாக இருக்கட்டும். கணக்கில் நம்பத்தக்கவர் உபதேசத்திலும் நம்பத்தக்கவர் என்று கொள்ளவேண்டியதில்லை. பொறியாளரின் சொல் கட்டடத்தைப்பற்றிப் பேசும்போது எடையுடையது. ஏழைகளின் உதவிப் பட்டியலைப்பற்றிப் பேசும்போது ஏழையின் சொல்லுக்கே எடை அதிகம்.

ஆ. கணக்கைச் சபையார் முன் வாசித்து ஏற்குமளவும், முன்னைய பொறுப்பாளரை மீண்டும் எப்பொறுப்பிலும் அமர்த்தவேண்டாம். உத்திரமேரூரார் கணக்கரையும் இவ்விதிக்கு உட்படுத்தினர்.

இ. பொறுப்பிலிருந்தவர் குறிப்பிட்ட காலம் ஒதுங்கியிருக்கட்டும். தகுதியுடையோர் பலராயின் ஜெபத்துடன் சீட்டுப் போடுவதற்கு நாம் வெட்கப்படவேண்டியதில்லை. சீட்டு விரோதங்களை ஒழிக்கும் என்பது நீதிமொழிகளின் அறிவுரை (நீதிமொழிகள் 18:18).

ஈ. தீர்மான முன்மொழிவை முதலில் வாசித்து, முன்மொழிந்தவர் பெயரைப் பின்னர் அறிவிக்கட்டும். சொல்லை நிதானித்தபின் ஆளை அறிவது முகதாட்சணியத்தைக் குறைக்கும். பொன்மோதிரம் அணிந்தவனுக்கும் கந்தையணிந்தவனுக்கும் யாக்கோபு காட்டிய இருக்கை வேறுபாடு (யாக்கோபு 2:1-9) பேச்சிலும் நிகழக்கூடும்.

உ. புதிதாக வந்தவருக்குச் சிறு பணி ஒன்றை உடனே ஒப்புவிக்கட்டும். பணியே கொடாமல் அனுபவம் இல்லையென்று சொல்வது மனையே கொடாமல் மனையில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். நற்பெயர் உடைய ஒருவர் அவருக்குப் பர்னபாவாக நிற்கட்டும்.

ஊ. ஒருவரை நீக்கும்போது குற்றம் இன்னதென்று எழுத்தில் சொல்லி, அவர் மறுமொழியைக் கேட்டு, நீக்கத்தின் காலத்தையும் மீளும் வழியையும் உடன் குறிக்கட்டும். பிறர் பணத்தையோ பிள்ளைகளையோ கெடுத்தவரை மன்னித்தபின்னும் அதே பொறுப்பில் அமர்த்துவது நீதியன்று. ஐக்கியத்திற்குத் திரும்பும் வாசல் வேறு, பொறுப்புக்குத் திரும்பும் வாசல் வேறு.

எ. ஆண்டுக்கொருமுறை, கூட்டங்களில் பேசாதவர் யார், ஏட்டில் பெயரில்லாதவர் யார் என்று சபையார் தேடிப் பார்க்கட்டும். உத்திரமேரூரார் தம் விதிகளை இரண்டே ஆண்டில் திருத்தினர். நம் விதிகள் அவர்களுடையவற்றைவிடத் திருத்தத்திற்கு அப்பாற்பட்டவையல்ல.

முடிவுரை

மூன்றாம் யோவான் நிருபம் இருவரை நம் முன் நிறுத்துகின்றது. தியோத்திரேப்பு முதன்மையை விரும்பி, சகோதரரை ஏற்றுக்கொள்ளாமல், ஏற்பவரையும் சபைக்குப் புறம்பாக்கினான். தேமேத்திரியுவுக்கோ எல்லாரும் நற்சாட்சி பகர்ந்தனர். சத்தியமும் அவனுக்குச் சாட்சியாயிருந்தது. அவ்விரண்டாம் சாட்சியே சிந்திக்கத்தக்கது. எல்லாரும் புகழ்ந்தும் சத்தியம் சாட்சி பகராத மனிதர் உண்டு. சத்தியம் சாட்சி பகர்ந்தும் ஒருவர் வாயிலும் பெயர் வராத மனிதரும் உண்டு. இவ்விரு சாட்சிகளும் ஒன்றுபடும்படி உழைப்பதே சபை ஒழுங்கின் நோக்கம்.

உத்திரமேரூரார் அக்குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திக் காட்டினர். நாமும் அவ்வாறே காட்டுவோமாக. காட்டுமுன், எவருடைய பெயர் இன்னும் ஓலையில் எழுதப்படவில்லை என்று கேட்போமாக.